நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின்: முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐடிலிங் கோளாறு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வேகமாக ஓடும்போது ஒரு குறையும் காட்டாத எஞ்சின், வண்டி நின்றதும் தடுமாறத் தொடங்குகிறது. டேக்கோமீட்டர் முள் 850-இல் நிற்காமல் 600-க்கு இறங்குகிறது, பின் துள்ளி மேலே போகிறது. ஸ்டீயரிங் நடுங்குகிறது. சில வேளை எஞ்சின் அணைந்தே போகிறது. பட்டறைப் பேச்சில் இதை ‘ஐடிலிங் நிற்கவில்லை’ என்பார்கள், ‘ஸ்லோ ஸ்பீடு பிடிக்கவில்லை’ என்றும் சொல்வார்கள். உடனே கை போகும் இடம் ஒரு திருகாணி. அதைக் கொஞ்சம் திருப்பினால் முள் ஏறுகிறது, வண்டிக்காரரும் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறார்.

அந்தத் திருகாணி கடைசியில் தொட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஐடிலிங் வேகம் நாம் வைக்கும் அளவு போலத் தோன்றினாலும், உண்மையில் அது பல விசைகள் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒரு விசை குறைந்திருக்கிறது, அல்லது எதிர்விசை கூடியிருக்கிறது. திருகாணி இதில் எதையும் சரிசெய்வதில்லை. குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைக்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட மஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயர்களில் விற்றது. அதன் முதல் எஞ்சினான 1,597 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு கொண்ட 1.6 லிட்டர் வகையை மட்டும் இங்கே பார்க்கிறேன். காரணம் இரண்டு. ஒன்று, விளையாட்டுக் கார்களில் மிகுந்த எண்ணிக்கையில் விற்று, இன்றும் வீட்டு முற்றத்தில் வைத்துச் சொந்தக்காரரே கழற்றிப் பூட்டும் வண்டி இது. இன்னொன்று, கார்புரேட்டர் காலத்துக்கும் முழுக் கணினிக் காலத்துக்கும் நடுவே நிற்கும் எஞ்சின் இது. திருகாணியும் இருக்கிறது, கணினியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதை இதில் கண்கூடாகப் பார்க்கலாம்.

2. ஐடிலிங்கின் இயல்பு

2.1 சமன்

ஐடிலிங்கில் எஞ்சின் சக்கரத்துக்கு எதையும் கொடுப்பதில்லை. எரியும் பெட்ரோல் தரும் திருப்புவிசை முழுவதும் எஞ்சினின் சொந்தச் செலவுக்கே போகிறது: பிஸ்டன் உராய்வு, வால்வுகளைத் தள்ளுவது, ஆயில் பம்பு, தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர், மூடிய த்ராட்டிலுக்கு எதிராகக் காற்றை இழுக்கும் பாடு. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. கையில் மிச்சமே இல்லாத குடும்பத்தின் மாதக் கணக்கு போன்றது இது. ஐம்பது ரூபாய் குறைந்தாலும் அந்த மாதம் தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் 4,000 சுற்றில் ஓடும்போது ஒரு சிலிண்டர் சற்றே சோர்ந்தால் யாருக்கும் தெரியாது. அதே சோர்வு ஐடிலிங்கில் நடுக்கமாக வெளிப்படும். ஓட்டத்தில் நல்லவன், நிற்கையில் கெட்டவன் என்ற முரண் இப்படித்தான் வருகிறது.

எரிதலின் தரமும் ஐடிலிங்கில்தான் மிக மோசம். த்ராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. முந்தைய சுற்றின் எரிந்த புகையில் ஒரு பகுதி சிலிண்டரில் தங்கி, புதுக் கலவையை நீர்த்துப்போகச் செய்கிறது. தீ மெதுவாகப் பரவுகிறது. கலவை சற்றே வறண்டாலும், பொறி சற்றே சோர்ந்தாலும், அந்தத் தீ அணைந்துவிடும்.

2.2 நான்கு மில்லிமீட்டர் துளை

ஐடிலிங்கில் இந்த எஞ்சின் குடிக்கும் காற்று எவ்வளவு? தோராயக் கணக்கில், வினாடிக்கு இரண்டரை கிராம். அதைவிட வியப்பானது, அந்தக் காற்று நுழையும் வழியின் அளவு. த்ராட்டிலின் வெளியே இருக்கும் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே உள்ளழுத்தம் இறங்கிவிட்டால், இடுக்கின் வழியே பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டுகிறது. அதற்கு மேல் வேகம் கூடாது. ஆகவே உள்ளே போகும் காற்றின் அளவு இடுக்கின் பரப்பை மட்டுமே பொறுத்தது, எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் மாறாது. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பின் வழியே வினாடிக்கு ஏறத்தாழ 0.2 கிராம் போகும். வகுத்துப் பார்த்தால், மொத்தமும் சுமார் 12 சதுர மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளைக்குச் சமம்.

ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவான காரின் எஞ்சின், நின்ற இடத்தில் நான்கு மில்லிமீட்டர் துளையின் வழியே மூச்சு விடுகிறது. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை தானே விளங்கும். எங்கோ ஒரு ரப்பர் குழாயில் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தால், அது மொத்தக் காற்றில் ஏழில் ஒரு பங்கு. மெல்லிய வேக்கம் ஹோஸ் ஒன்று கழன்றால் ஐடிலிங் காற்று கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

இதே இயற்பியல் ஒரு நன்மையும் செய்கிறது. காற்று ஒரே அளவில் வந்துகொண்டிருக்கையில் சுற்று இறங்கினால், ஒவ்வொரு இழுப்புக்கும் கிடைக்கும் பங்கு கூடுகிறது. விசை கூடி, சுற்று மீண்டும் ஏறுகிறது. எஞ்சின் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் இயல்பு இது. கலவை சரியாக இருக்கும்வரைதான் இது வேலை செய்யும். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் தாங்கல் போய்விடும்.

2.3 விளக்கைப் போட்டால் முள் இறங்குவது

ஹெட்லைட், ஹீட்டர் மின்விசிறி, ரேடியேட்டர் விசிறி எல்லாம் ஓடினால் 30 ஆம்பியர் இழுக்கும் என்று கொள்வோம். 14 வோல்ட்டில் அது 420 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் ஐம்பத்தைந்து விழுக்காடு என்றால், பெல்ட்டிலிருந்து ஏறத்தாழ 760 வாட் உறிஞ்சப்படுகிறது. ஒரு குதிரைத் திறன்தான். ஆனால் 850 சுற்றில் அது எட்டு நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்ட திருப்புவிசை. வரவும் செலவும் சமமாக நிற்கும் எஞ்சினுக்கு இது பெரும் கடன். கணினி காற்று வால்வைத் திறந்து ஈடுகட்டாவிட்டால் முள் இறங்கத்தான் செய்யும். இறங்கிய முள் உடனே மீண்டுவிட்டால் அது கோளாறு இல்லை. பலர் இதைக் கோளாறாக நினைத்து, நல்ல வண்டியைக் கெடுத்திருக்கிறார்கள்.

3. காதால் வேலை செய்த காலம்

எம்எக்ஸ்-5-க்கு முன்மாதிரிகளாக இருந்த பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களில் இந்த வேலை வேறு மாதிரி. எம்ஜிபி போன்ற வண்டிகளில் இரட்டை எஸ்யு கார்புரேட்டர்கள் இருந்தன. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்து, இரண்டின் சீறலும் ஒத்து வரும்வரை த்ராட்டில் திருகாணிகளைச் சரிசெய்வார்கள். அதன் பிறகு கலவை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். சுற்று ஏறி அப்படியே நின்றால் கலவையில் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. கண நேரம் மட்டும் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் இருக்கும் அறுகோண நட்டை ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இந்த முறையின் அழகு, எஞ்சின் எதையும் மறைக்காது என்பதே. த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று கசிந்தால் சீறல் ஒத்து வராது. ஒரு சிலிண்டர் சோர்ந்தால் எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் அமையாது. குறை நேரடியாகக் காதுக்கு வந்தது. 1989-இல் வந்த வண்டியில் அந்த நேர்மை இல்லை.

4. மறைக்கும் கணினி

1.6 எஞ்சினின் கணினி ஐடிலிங்கை மூன்று கைகளால் பிடிக்கிறது. த்ராட்டிலைச் சுற்றிப் போகும் பக்கவழியில் இருக்கும் மின்காந்த வால்வைத் திறந்து மூடி, காற்றைக் கூட்டிக் குறைக்கிறது. இதை ஐஎஸ்சி வால்வு என்பார்கள். பொறியின் நேரத்தை முன்தள்ளிப் பின்தள்ளி, அடுத்தடுத்த எரிதல்களிலேயே விசையை மாற்றுகிறது. காற்று மெதுவான கை, பொறி விரைவான கை. மூன்றாவதாக, எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு, பெட்ரோலை 14.7-க்கு 1 என்ற விகிதத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றும் நல்ல கைகள்தான். எங்கோ ஒரு சிறு கசிவு விழுந்தால் ஆக்சிஜன் சென்சார் அதை உணர்கிறது, கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது, ஐடிலிங் 850-லேயே நிற்கிறது. வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கசிவு வளர்கிறது, ஈடும் வளர்கிறது. ஒருநாள் ஈடுகட்டும் எல்லை முடிகிறது. அன்று காலை ‘நேற்று வரைக்கும் நன்றாக இருந்தது’ என்று சொல்லிக்கொண்டு வண்டி பட்டறைக்கு வருகிறது. நேற்று வரைக்கும் நன்றாக இருந்ததில்லை. நேற்று வரைக்கும் கணினி தாங்கிக்கொண்டிருந்தது.

திருகாணியை முதலில் தொடக்கூடாது என்பதன் காரணமும் இதுதான். கணினி விழித்திருக்கும்போது காற்றுத் திருகாணியைத் திறந்தால், அது ஐஎஸ்சி வால்வை அதே அளவு மூடிவிடும். முள் அசையாது. மேலும் திறந்தால் வால்வு முழுக்க மூடும் நிலைக்கு வந்து, அதன்பின் முள் ஏறும். ‘பார்த்தீர்களா, ஏறிவிட்டது’ என்கிறோம். உண்மையில் கணினியின் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டோம். இனி ஏறும் சுற்றை அதனால் இறக்க முடியாது.

5. கோளாறுகளின் வகைப்பாடு

5.1 அளக்கப்படாத காற்று

ஒரே கசிவு, இரு வேறு எஞ்சின்களில் நேரெதிரான அறிகுறியைத் தரும். இதைப் புரிந்துகொள்ளாமல் பொதுவான அறிவுரைகளைப் படிப்பதால் வரும் குழப்பத்துக்கு அளவில்லை.

மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கொடுக்கும் எஞ்சினில் ஓட்டை விழுந்தால், அழுத்தம் ஏறுகிறது. கணினி அதைக் கூடுதல் காற்று என்று சரியாகப் படித்து, பெட்ரோலைக் கூட்டுகிறது. சுற்று ஏறுகிறது. 1.6 எம்எக்ஸ்-5 அப்படி அளப்பதில்லை. ஏர் ஃபில்டரை அடுத்து ஒரு பெட்டி. அதற்குள் காற்று தள்ளித் திறக்கும் ஒரு தகட்டுக் கதவு. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே கணினிக்குத் தெரிந்த காற்றின் அளவு. கதவைத் தாண்டிய பிறகு நுழையும் காற்றுக்குக் கணக்கு இல்லை. கணக்கில்லாத காற்றுக்குப் பெட்ரோலும் இல்லை. கலவை வறள்கிறது, எஞ்சின் தடுமாறி இறங்குகிறது. முன்பு சொன்ன ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை, 14.7-ஐ 17-க்கு அருகில் கொண்டுபோகும். நீர்த்த கலவையில் அந்த வறட்சி பொறிக்கு அடங்காது.

கதவுப் பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் தரும் சுவிட்சும் அதற்குள்தான் இருக்கிறது. விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கட்டும் என்பது நோக்கம். ஆனால் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலான குழாய் கழன்றுவிட்டால், காற்று முழுவதும் அந்த வாய் வழியே போய், கதவு மூடிக்கொள்ளும். பம்பு நின்று, எஞ்சின் அணையும். ஸ்டார்ட்டரைச் சுற்றும்வரை உயிர் இருக்கும், சாவியை விட்டதும் போய்விடும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாயை.

இந்தக் குழாய் எஞ்சினின் முன்பக்கம் குறுக்கே வளைந்து வருகிறது. முப்பது ஆண்டு வெப்பத்தில் ரப்பர் மடிப்புகள் வெடித்திருக்கும். எஞ்சின் மவுண்டில் அசையும்போது வெடிப்பு வாய் திறக்கும், அசையாதபோது மூடிக்கொள்ளும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையால் வளைத்து, மடிப்புகளின் அடிப்பக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் என்று வலியுறுத்துகிறேன். மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்ன கைகளில் என்னுடையதும் ஒன்று.

கசிவைத் தேட எளிய சோதனை, ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுவது. கிராங்க்கேஸ் ஒரு வால்வு வழியே மேனிஃபோல்டோடு இணைந்திருப்பதால், மூடி திறந்ததும் கணக்கில்லாத காற்று நுழையும். நலமான எஞ்சின் உடனே தடுமாறும். தடுமாறாவிட்டால் மகிழ வேண்டாம். ஏற்கெனவே எங்கோ அந்த அளவு காற்று நுழைந்துகொண்டிருக்கலாம், அல்லது வால்வு அடைத்திருக்கலாம். ஆயில் அளக்கும் குச்சி சரியாக அமராததும், மூடியின் ரப்பர் வளையம் காய்ந்ததும்கூட இந்த வழியிலேயே ஐடிலிங்கைக் கெடுக்கும்.

அடுத்து, மேனிஃபோல்டிலிருந்து பிரியும் ஒவ்வொரு ஹோஸையும் மென்மையான பிடிப்பால் நெரித்துப் பார்ப்பது. எதை நெரிக்கும்போது ஐடிலிங் திருந்துகிறதோ, ஓட்டை அந்தத் தடத்தில் இருக்கிறது. பிரேக் பூஸ்டரின் பெரிய ஹோஸை மறக்கக் கூடாது. பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் ஐடிலிங் மாறினால், பூஸ்டரின் உள்தோல் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருப்பதும் இதே கணக்கில் சேரும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. சூடான எக்ஸாஸ்ட்டுக்கும் வயதான பிளக் வயருக்கும் நடுவே தீப்பற்றும் திரவத்தை அடிப்பது வீரமல்ல. புகை செலுத்திப் பார்க்கும் கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது.

முள் 800-க்கும் 1,500-க்கும் இடையே அலையாக ஏறி இறங்குவதும் இந்தப் பிரிவுதான். ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டும்போது, கூடுதல் காற்றால் சுற்று ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்க, சுற்று மட்டும் உயர்ந்திருப்பதைக் கண்ட கணினி, வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை நிறுத்துகிறது. சுற்று விழுகிறது, பெட்ரோலைத் திரும்பத் தருகிறது, மீண்டும் ஏறுகிறது. கணினி பழுதாகிவிட்டது என்று மாற்றியவர்கள் உண்டு. அது தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

5.2 பொறி

850 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு ஏறத்தாழ 28 முறை எரிகிறது. அந்த அதிர்வை மவுண்டுகள் விழுங்கிவிடும். ஒரே சிலிண்டர் தொடர்ந்து தவறினால், வினாடிக்கு ஏழு முறை ஒரு பள்ளம். அதை மவுண்டுகளால் விழுங்க முடியாது, இருக்கை வழியே முதுகுக்கு வரும். ஒழுங்கான தாளத்தோடு வரும் நடுக்கம் பொறியின் பக்கம் கை காட்டும். ஒழுங்கில்லாமல், எப்போதாவது வரும் சறுக்கல் கலவையின் பக்கம் காட்டும். இதைக் காது பழகப் பழகப் பிரித்தறியலாம்.

இன்ஜெக்டரின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது நம்பகமான சோதனை. கழற்றும்போது சுற்று இறங்க வேண்டும். எந்தச் சிலிண்டரில் இறங்கவில்லையோ, அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை. இங்கே எம்எக்ஸ்-5-இன் காயில் அமைப்பு நமக்கு உதவுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கு, இன்னொன்று 2, 3-க்கு. சோர்ந்த சிலிண்டர் ஒன்றே என்றால் வயர் அல்லது பிளக். 1-உம் 4-உம் சேர்ந்து சோர்ந்தால், காயில் பக்கம் திரும்பலாம்.

இந்த வண்டியில் பிளக் வயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள், வெளித்தோற்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும். கேம் கவரின் கேஸ்கெட் கசிந்து பிளக் கிணற்றில் ஆயில் தேங்கினால் வயரின் ரப்பர் ஊறிவிடும். இருட்டில் தண்ணீரைத் தூவிப் பார்த்தால் நீலப்பொறி தாவுவதைக் காணலாம். பிளக் இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர்.

5.3 த்ராட்டில் உடலும் ஐஎஸ்சி வால்வும்

த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்து இடுக்கு சுருங்குகிறது. நான்கு மில்லிமீட்டர் கணக்கில், மயிரிழை கரியும் பெரிது. சுத்தம் செய்தால் போதும். தகட்டின் நிறுத்துத் திருகாணியைத் தொடவே கூடாது. அது ஆலையில் வைத்தது, ஐடிலிங்கைச் சரிசெய்ய வைத்ததல்ல.

த்ராட்டில் உடலுக்குக் கீழே இருக்கும் வால்வுத் தொகுதியில் இரண்டு பகுதிகள். ஒன்று மின்காந்த ஐஎஸ்சி, இதன் சுருள் சுமார் 11, 12 ஓம் காட்டும். மற்றது, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் காற்று தரும் மெழுகு வால்வு, ரேடியேட்டர் நீர் பட்டால் விரிந்து மூடிக்கொள்ளும். நீர் குறைந்தாலோ குழாய் அடைத்தாலோ மெழுகு சூடேறாது, ஐடிலிங் 1,500-இலேயே நிற்கும். ஐஎஸ்சி சிக்கிக்கொண்டால் எதிர்நிலை: நின்றால் இறங்கும், விளக்கைப் போட்டால் அணையும்.

சிக்னலை நெருங்கி, கிளட்சை மிதித்ததும் மட்டும் அணைகிறதா? த்ராட்டில் சுவிட்சைப் பாருங்கள். கையால் கியர் மாற்றும் 1.6-இல் இது ‘மூடியிருக்கிறது’ என்று கணினிக்குச் சொல்லும் எளிய தொடர்பு. அது சொல்லாவிட்டால், வண்டி ஐடிலிங்குக்கு வந்துவிட்டது என்பதே கணினிக்குத் தெரியாது, தாங்கிப் பிடிக்கவும் வராது.

5.4 பெட்ரோல்

அழுத்தச் சீராக்கியின் உள்தோல் கிழிந்தால் அதன் வேக்கம் ஹோஸில் பெட்ரோல் நனைந்திருக்கும். ஹோஸைக் கழற்றி முகர்ந்தால் போதும். இன்ஜெக்டர் அடைப்பு இருக்கலாம், ஆனால் பலரும் எண்ணும் அளவுக்கு அடிக்கடி இல்லை. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் வறண்ட கலவை என்று பொய் சொல்லும். கணினி நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். பிளக் கறுத்திருப்பதைப் பார்த்து இன்ஜெக்டரைக் குறை சொல்வோம்.

5.5 கிராங்கின் மூக்கு

இது இந்த வண்டிக்கே உரிய கோளாறு, ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்து 1991 வரை செய்யப்பட்ட எஞ்சின்களில் கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. டைமிங் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரத்தை அதில் நிறுத்தி வைப்பது நடுவிலுள்ள ஒரே போல்ட்டின் இறுக்கம். அது ஒருமுறை தளர்வாகப் பூட்டப்பட்டால், சாவித்துண்டு தன் பள்ளத்தில் ஆடத் தொடங்கும், பள்ளம் அகலமாகும். பல்சக்கரம் சில பாகை பின்தங்கினால் கேம்கள் இரண்டும் பின்தங்கும். சக்தி குறையும், ஐடிலிங் கெடும், டைமிங் விளக்கில் குறி ஓரிடத்தில் நிற்காது. அடையாளம் காண்பது எளிது. முன்பக்கப் புல்லியில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த நீண்ட மூக்கு. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ பெல்ட் மாற்றியபோது செய்த அவசரம், இன்று ஐடிலிங் கோளாறாக வந்து நிற்கும். எத்தனை திருகாணி திருப்பினாலும் இது தீராது. போல்ட்டைக் கழற்றிச் சாவித்துண்டைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் இந்த இடத்திலேயே அளந்துவிடுவது நல்லது. தனி எண்ணைவிட, நான்குக்கும் இடையிலான வேறுபாடே சேதி சொல்லும்.

6. திருகாணியின் முறை

மேலே சொன்னவை முடிந்த பிறகுதான் திருகாணிக்கு வரலாம். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். விளக்கு, ஹீட்டர், ஏசி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ரேடியேட்டர் விசிறி ஓடும்போது அளக்கக் கூடாது. எஞ்சின் அறையில் மூடியோடு இருக்கும் சிறு சோதனைப் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று குறித்த இரு முனைகளை ஒரு கம்பித்துண்டால் இணைக்க வேண்டும். கணினி தன் திருத்தங்களை நிறுத்திக்கொண்டு, எஞ்சினை அதன் இயல்பில் விட்டுவிடும். பிரிட்டிஷ் கார்புரேட்டர்களின் நேர்மை இந்த ஒரு கம்பித்துண்டில் திரும்பி வருகிறது.

முதலில் டைமிங். முதல் சிலிண்டரின் வயரில் டைமிங் விளக்கைப் பூட்டிப் பார்த்தால், உச்சிக்கு 10 பாகை முன்னால், ஒரு பாகை கூடக்குறைய, குறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் இருக்கும் கேம் கோண சென்சாரின் 12 மில்லிமீட்டர் போல்ட்டைத் தளர்த்தி, மெல்லத் திருப்ப வேண்டும். அதன் ரப்பர் வளையம் ஆயில் கசிவதற்குப் பேர்போனது, அதையும் கையோடு மாற்றிவிடலாம். ஆர்வலர்கள் 14 பாகைக்குக் கொண்டுபோவதுண்டு. கீழ்ச் சுற்றில் உயிர் கூடுவது உண்மைதான், நல்ல ஆக்டேன் பெட்ரோல் போடுபவர்களுக்கு மட்டும். டைமிங் மாறினால் சுற்றும் மாறும், ஆகவே டைமிங்குக்குப் பிறகே சுற்று.

த்ராட்டில் உடலின் மேல் ரப்பர் அடைப்பானின் கீழ் காற்றுத் திருகாணி இருக்கிறது. வெளியே திருப்பினால் காற்று கூடும். 850, அதில் 50 கூடக்குறைய. வண்டியின் டேக்கோமீட்டரை நம்ப வேண்டாம், தனி அளவி வேண்டும். அடைப்பானைத் திரும்பப் போடாமல் விட்டால் அதுவே ஒரு கசிவாகலாம். போட்ட பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கால் சுற்றுக்குள் 850 வந்துவிட்டால், முன் வேலைகள் சரியாக முடிந்திருக்கின்றன. திருகாணியை முழுக்கத் திறந்தும் 700-ஐத் தாண்டவில்லை என்றால், அல்லது முழுக்க மூடியும் 1,000-க்குக் கீழே வரவில்லை என்றால், ஐந்தாம் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

7. மாற்றியமைக்கப்பட்ட வண்டிகள்

விளையாட்டுக் காரை வாங்கியவர் சும்மா இருப்பதில்லை. ஃப்ளைவீலை இலேசாக்குவார். ஒரு எரிதலுக்கும் அடுத்ததற்கும் இடையே சுற்றைத் தாங்கிக்கொள்வது ஃப்ளைவீலின் எடைதான். அதைக் குறைத்தால் 850-இல் நடுக்கம் வரும். ஓவர்லாப் மிகுந்த கேம் போட்டால் எரிந்த புகை இன்னும் அதிகமாகத் திரும்பி வரும், ஆலைக் கலவை பற்றாது. இவ்விரண்டிலும் கோளாறைத் தேடிப் பயனில்லை. ஐடிலிங்கை 950 அல்லது 1,000-க்கு உயர்த்தி வைப்பதே வழி. பாலியூரித்தேன் மவுண்ட் போட்டவருடைய எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், நடுங்குவது அவருடைய கண்ணாடிதான்.

ஆறாம் பிரிவின் வேலை முடிந்ததும் கம்பித்துண்டை எடுத்துவிட்டு, சோதனைப் பெட்டியை மூட வேண்டும். டைமிங் விளக்கில் குறி இப்போது இங்கும் அங்கும் ஆடும். கணினியின் விரைவான கை வேலைக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். ஹெட்லைட்டைப் போடுங்கள். விளக்குகளை மறைத்திருக்கும் மூடிகள் மேலெழும், முள் ஐம்பது சுற்று இறங்கும், ஓரிரு வினாடியில் 850-க்குத் திரும்பும்.